வாடகை வீட்டில் கரண்டுக்கு யூனிட் 10 ரூபாயா? சப் மீட்டர் கணக்கும் சட்டமும்

களக்காடு மாதிரியான ஊர்களில் ஒரே வளவுக்குள் மூன்று, நான்கு குடித்தனங்கள் இருப்பது சகஜம். பல இடங்களில் மின் இணைப்பு வீட்டு ஓனர் பெயரில் ஒன்றுதான் இருக்கும். குடியிருப்பவர்களுக்கு சப் மீட்டர். யூனிட் ரேட்? ஓனர் சொல்வதுதான். இது சரியா?

கணக்கு எங்கே இடிக்கிறது?

மூன்று குடும்பங்கள், 2 மாதத்துக்கு ஆளுக்கு 150 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரே மீட்டரில் அது 450 யூனிட். இலவச 100 யூனிட் ஒருமுறைதான் கழியும். மின்வாரியத்துக்குக் கட்டுவது சுமார் 1,500 ரூபாய். யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்கினால் ஓனர் கைக்கு வருவது 4,500 ரூபாய்.

இதே குடும்பங்களுக்குத் தனித்தனி இணைப்பு இருந்தால்? ஆளுக்கு 100 யூனிட் இலவசம். மீதி 50 யூனிட்டுக்கு பில் சுமார் 120 ரூபாய்தான். சப் மீட்டரிலோ ஒரு குடும்பத்துக்கு 1,500 ரூபாய்!

ஓனர் வாங்கிய விலைக்கே கொடுத்தாலும் நஷ்டம் இருக்கிறது. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் எல்லோருக்கும் சேர்த்து ரேட் ஏறிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 12-ன்படி உரிமம் இல்லாமல் யாரும் மின்சாரத்தை விநியோகிக்கவோ வியாபாரம் செய்யவோ கூடாது. ஆனால் 'கரண்ட் பில்லைப் பங்கு போடுகிறோம்' என்ற பெயரில்தான் இந்த வசூல் நடக்கிறது. பிரிட்டனில் இதற்கு நேரடி விதியே உண்டு: வீட்டு உபயோகத்துக்கு மறுவிற்பனை செய்பவர், தான் வாங்கிய விலைக்கு மேல் வசூலிக்கக் கூடாது.

வாடகைதாரர் தனி இணைப்பு கேட்கலாமா?

கேட்கலாம். பிரிவு 43-ன்படி உரிமையாளர் மட்டுமல்ல, குடியிருப்பவரும் விண்ணப்பிக்கலாம். ஓனரின் சம்மதக் கடிதம் வேண்டும். அவர் தர மறுத்தால், சட்டப்படி குடியிருப்பதற்கான ஆதாரத்துடன் ஈட்டுறுதிப் பத்திரம் கொடுத்து, கூடுதல் வைப்புத்தொகை கட்ட வேண்டும். வீடு தனிக் குடித்தனமாகப் பிரிந்திருப்பதும் அவசியம்.

கேள்வி கேட்டதற்காக ஃபியூஸைப் பிடுங்கினால்?

2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி கரண்ட், தண்ணீர் போன்ற அத்தியாவசிய வசதிகளை ஓனர் நிறுத்தக் கூடாது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் புகார் செய்யலாம். வாடகை ஒப்பந்தமும், கரண்டுக்குக் கொடுத்த பணத்துக்கு ரசீதும் கையில் இருப்பது நல்லது.

தனி இணைப்பு தர மின்வாரியம் இழுத்தடித்தால், மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தை அணுகலாம். புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "ஈ.பி. மீட்டரா, சப் மீட்டரா?"