விருந்தினர் வந்தால் வீட்டார் வெளியேறுவதா?

சென்ற கோடை விடுமுறையில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நர்ஸாகப் பணிபுரியும் என் அத்தை வீட்டிற்குப் பெற்றோருடன் சென்றிருந்தேன். அங்கிருந்து யார்க்‌ஷயர் கடற்கரையின் பழைய ஊர்களைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. கண்டு களித்தவற்றோடு, என் மனத்தை உறுத்திய ஒன்றையும் எழுத விரும்புகிறேன்.

முதலில் ஸ்கார்பரோ. பதினேழாம் நூற்றாண்டில் அங்கு மருத்துவ ஊற்று ஒன்று கண்டறியப்பட்டதால் செல்வர்கள் வந்தனர். 1845-இல் இரயில் வந்த பிறகு சாதாரணக் குடும்பங்களும் வந்தன. மணலில் கழுதைச் சவாரி இன்றும் உண்டு. கடற்காகங்களின் துணிச்சலை என்னென்பது! தம்பியின் கையிலிருந்த மீன் வறுவல் ஒரு நொடியில் பறந்தது.

விட்பியில் 199 படிகள் ஏறினால் புனித மரியாள் ஆலயம். அதற்கப்பால் இடிந்த துறவி மடம். இன்று நிற்பவை பிற்காலக் கட்டடத்தின் சுவர்கள். ஆனால் கி.பி. 657-இல் அங்கெழுந்த முதல் மடத்தின் தலைவி புனித ஹில்டா. துறவிகளும் கன்னியரும் அவர் சொல் கேட்டனர். ஈஸ்டர் திருநாளை எந்நாளில் கொண்டாடுவது என்று முடிவு செய்த சங்கம் 664-இல் அங்குதான் கூடிற்று. ஒரு பெண் தலைமை வகித்த மடத்தில்! படியேறிய களைப்பே எனக்கு மறந்துவிட்டது.

அடுத்தது ராபின் ஹூட்ஸ் பே. செங்குத்தான சந்துகள், சிவப்பு ஓட்டு வீடுகள். ஒரு காலத்தில் மீனவர் வாழ்ந்த அவ்வீடுகளின் வாசலில் இன்று எண்பூட்டுப் போட்ட சாவிப் பெட்டிகள். பல வீடுகள் வெளியூரார் வாங்கி விடுமுறைக்கு வாடகைக்கு விடுபவை. விலையேற்றத்தால் உள்ளூர் இளைஞருக்கு வீடு கிடைப்பதில்லை. விட்பியில் 2022-இல் நடந்த வாக்கெடுப்பில், புதிதாகக் கட்டும் வீடுகள் நிரந்தரமாக வசிப்போருக்கே என்று நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். அது சட்டமாகாத வாக்கெடுப்பு. எனினும் அவர்கள் மனக்குமுறல் தெரிகிறதல்லவா?

பயணிகள் வராவிட்டால் கடைக்காரர் பிழைப்பது எப்படி என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் உரிமையாளரே குடியிருந்து அறை விடும் விடுதிகளும் அங்கே உள்ளனவே! அவற்றில் தங்கினால் கடைக்காரரும் பிழைப்பார். குடியிருக்கும் வீடும் பறிபோகாது. குளிர்காலப் புயலிலும் அவ்வூரில் வாழ்பவருக்கே வீடு முதலில் சொந்தம் என்பது என் கருத்து.

இதைச் சொல்ல எனக்கும் கூச்சமாகவே இருக்கிறது. நாங்கள் தங்கியதும் அப்படிப்பட்ட வாடகை வீட்டில்தான். கடைசி இரவு சந்தில் விளக்கெரியும் சன்னல்களை எண்ணிப் பார்த்தேன். எங்களுடையதையும் சேர்த்து ஐந்து.

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி