ஒரு மீட்டர் யாருக்கு எவ்வளவு?

தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. காலனி வீட்டில் இருப்பதோ ஒரே அறை. பக்கவாட்டில் இன்னோர் அறை எடுக்கலாம் என்று அப்பா ஒரு பொறியாளரை அழைத்துவந்தார். அவர் டேப் பிடித்து அளந்துவிட்டு, "ஒரு பக்கம் ஒரு மீட்டர் விட்டாகணும். இல்லன்னா பிளான் அப்ரூவல் கிடைக்காது. அது இல்லாம பேங்க்ல லோன் தரமாட்டாங்க" என்றார்.

எங்களுடையது 2 சென்ட் பட்டா. 20 அடி அகலம், நாற்பத்து மூன்றரை அடி நீளம். மேற்கு எல்லையை ஒட்டி 12 அடி அகலத்தில் தொகுப்பு வீடு. மிச்சம் 8 அடி. அதில் ஒரு மீட்டர், அதாவது 3.28 அடி விட்டு, சுவரையும் கழித்தால் அறைக்குள் 4 அடிகூடத் தேறாது. பின்னால் கழிவறையும் தொட்டியும். பழைய கட்டடம் மாடி தாங்காது.

இடைவெளியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோடையில் ஒரு கூரை பற்றினால் வரிசையே எரிவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். காற்றும் வெளிச்சமும் எங்களுக்கும் வேண்டும். ஆனால் அதே ஒரு மீட்டர், 60 அடி அகல மனைக்காரருக்குப் பதினெட்டில் ஒரு பங்கு. எங்களுக்கு ஆறில் ஒரு பங்கு.

இந்த 20 அடியை யார் முடிவுசெய்தது? என் ஆய்வுக்காக நிலப் பதிவேடுகளைப் புரட்டுகிறேன். ஊர் நத்தம் வேறு, சேரி நத்தம் வேறு என்றே எழுதிவைத்திருக்கிறார்கள். அரிசன நலத்திட்டங்களுக்கு நிலம் எடுக்க 1978இல் தனிச் சட்டமே வந்தது. எங்கள் காலனியில், எடுத்த நிலத்தை அன்றிருந்த குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தார்கள். பிள்ளைகள் வளர்வார்கள், கல்யாணம் ஆகும் என்று கணக்கில் சேர்க்கவில்லை. ஊர்த்தெருவில் மனை வாங்கலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கையில் பணம் இருந்தாலும் எங்களுக்கு அங்கே யாரும் விற்பதில்லை.

விதியில் விலக்கே இல்லையா? இருக்கிறது. சுவரோடு சுவராக வீடுகள் நிற்கும் பழைய தெருக்களைத் 'தொடர் கட்டடப் பகுதி' என்று அறிவித்தால் பக்க இடைவெளி தேவையில்லை. எங்கள் காலனி அப்படி அறிவிக்கப்படவில்லை. 2024இல் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடிவரை உள்ள மனையில் 3,500 சதுர அடிவரை வீடு கட்ட உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறையும், உண்மைதான். ஆனால் பக்க இடைவெளி அதிலும் விட்டாக வேண்டும்.

விதியை மீறிக் கட்டிவிடலாம் என்கிறார் அப்பா. வங்கிக்குப் பதில் கந்துவட்டி. பிறகு நோட்டீஸ் வருமோ என்ற பயம். சாதி ஒதுக்கிய துண்டு நிலத்தில் வாழ்பவரையே சட்டம் 'விதிமீறல்காரர்' ஆக்குகிறது.

காலனிகளைத் தொடர் கட்டடப் பகுதியாக அறிவியுங்கள். அதோடு நிறுத்தாமல், பிரிந்துசெல்லும் குடும்பங்களுக்குப் புதிய மனை கொடுங்கள், ஊரை ஒட்டியே. இனி தரும் பட்டா, இடைவெளி விட்ட பிறகும் இரண்டு அறை கட்டும் அளவுக்கு இருக்கட்டும்.

தை மாதம் கல்யாணம். அந்த 8 அடியில் அம்மா இப்போதைக்குத் தகரக் கொட்டகை போடச் சொல்லியிருக்கிறார்.