பல மரம் கண்ட தச்சன்

'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்' என்னும் பழமொழி நம் வீடுகளில் பிள்ளைகளின் தலையில் அடிக்கடி விழுவது. தில்லி அன்பர் ஒருவர் தம் மகளைப் பற்றி நமக்கு எழுதிய கடிதத்திலும் இதுவே முதல் வரி. பெண் கணிதம் படிக்கிறாள். கூடவே கணக்குப் பதிவும், இந்தி மொழிபெயர்ப்பும் கற்கப் புறப்பட்டிருக்கிறாள். ஒன்றிலும் ஊன்றி நில்லாது போவாளோ என்பது தந்தையின் கவலை. விடை கூறுமுன், அவர் வாழும் மாநகரின் வானத்தைச் சற்று அண்ணாந்து பார்க்குமாறு வேண்டுகிறோம்.

அங்கே வட்டமிடுபவை கரும்பருந்துகள். இறைச்சிக் கடைக் கழிவு, எலி, செத்த மீன், குப்பை மேட்டில் கிடைப்பது எதுவாயினும் அவற்றுக்கு உணவே. மரம் இல்லையேல் மின்கோபுரத்தில் கூடு கட்டும். காகமும் இந்தக் கட்சியைச் சேர்ந்ததே.

ஒரு தலைமுறைக்கு முன் அதே வானத்தில் பாறுகளும் திரளாகப் பறந்தன. பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகஞ்சுளித்துப் பெயரிட்ட பறவைதான்; பாறு என்பது அதன் பழந்தமிழ்ப் பெயர். இறந்த விலங்கே அதன் உணவு. அந்த ஒரு தொழிலுக்கென்றே அமைந்த உடல் அது. இறகு அடராத கழுத்து, நெடுநேரம் மிதப்பதற்கேற்ற அகன்ற சிறகு, அழுகியதையும் செரிக்கும் கடும் அமிலம் நிறைந்த இரைப்பை. செத்த மாடொன்றை ஒரு கூட்டம் ஓரிரு மணி நேரத்தில் வெறும் எலும்பாக்கிவிடும்.

1990-களில் அவை கூட்டங்கூட்டமாக மடிந்தன. பரத்பூர் சரணாலயத்தில் விபு பிரகாஷ் என்னும் பறவையியல் அறிஞர் அதைக் கண்டு பதிவு செய்தார். காரணம் 2004-இல்தான் தெளிவாயிற்று. மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் மருந்து, சடலத்தின் வழியே பாறுகளின் உடலிற் புகுந்து சிறுநீரகத்தைச் சிதைத்தது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்கு 99-க்கு மேல் அழிந்தன. அம்மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுப்பது 2006-இல் தடை செய்யப்பட்டது. ஆயினும், ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் பறவை மீள்வது எளிதா?

பாறு செய்த பிழை யாது? ஒன்றுமில்லை. தன் தொழிலைப் பிசகின்றிச் செய்து வந்தது. அதன் இலையில் வேறொருவர் நஞ்சைப் பரிமாறினார். அதற்கு வேறு இலை கிடையாது. பருந்துக்கோ பத்து இலைகள்.

நம் பாட்டன்மாரும் தந்தையரும் தட்டெழுத்து, சுருக்கெழுத்துச் சான்றிதழ்களைத் தகரப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டுதான் தில்லிக்கும் அன்றைய பம்பாய்க்கும் ரயிலேறினார்கள். அவ்விரு கலைகளும் பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டன. 1955-இல் இந்தியாவிலேயே தட்டெழுத்துப் பொறி செய்யத் தொடங்கிய கோத்ரெஜ் ஆலையே பின்னர் அதைச் செய்வதை நிறுத்திவிட்டது. தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. அந்த விரல்களின் வேகம் குறையவில்லை. அவற்றைச் சுற்றியிருந்த அலுவலகம் மாறிற்று. தட்டெழுத்தாளர் ஒருவாறு தப்பினார், கணினிப் பலகையிலும் அதே எழுத்து வரிசை இருந்தமையால். சுருக்கெழுத்தாளருக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. வரைவு எழுதவும், பணி விதிகளைப் பார்த்துச் சொல்லவும், கணக்குத் தணிக்கைக்கு விடை தயாரிக்கவும் இடையே கற்றுக்கொண்டவர்கள் மேலே சென்றார்கள். மற்றவர்களில் சிலர் மனக்கசப்போடு ஓய்வு பெற்றதையும் நாம் அறிவோம். அவர்கள் திறமை குறைந்தவர்கள் என்று எவரேனும் சொன்னால் நாம் ஒப்பமாட்டோம்.

ஆயின் எல்லாரும் பருந்தாகிவிடுவதே வழியா? அதுவும் அன்று. பாறுகள் மறைந்தபின் சடலங்களுக்குக் காகமும் நாயும் வந்தன. பாறுகளைப்போல் விரைந்து முடிக்க அவற்றால் இயலவில்லை. தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடியின் அபாயமும் கூடிற்று. ஒரு தொழிலையே ஆழ்ந்து செய்தவனின் இடம், பலவும் செய்பவனால் முழுதும் நிரம்புவதில்லை. அத்திமரத்தைப் பாருங்கள், பெரும்பாலான அத்தி வகைகளுக்கு அதனதன் குளவி உண்டு. அக்குளவிக்கு வேறு மரம் வேண்டாம். அம்மரத்துக்கு வேறு குளவி உதவாது. சூழல் நிலைத்திருக்கும்வரை இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. கண்ணில் கத்தி வைக்க வேண்டுமென்றால், நாமும் கண் மருத்துவரைத்தானே தேடுகிறோம்!

பருந்தை அரைகுறை வித்தைக்காரன் என்றும் எண்ண வேண்டா. நெரிசல் மிக்க கடைவீதியில், யார்மீதும் மோதாமல் தாழப் பறந்து ஒரு துண்டைக் கவ்விச் செல்வது எளிய வேலையா? பழமொழித் தச்சனும் பல மரம் அறிந்ததனால் கெட்டவன் அல்லன். ஒன்றிலும் கை வைக்காததனால் கெட்டவன். கதவுக்குத் தேக்கு, வண்டிச் சக்கரத்துக்குக் கருவேல் என்று அறிந்து இரண்டையும் இழைத்தவனை ஊர் தேடி வரும்.

ஆகவே அன்பருக்கு நாம் சொல்வது: கணிதத்தில் மகள் தளர்கிறாளா என்பதை மட்டும் பாருங்கள். தளரவில்லையேல் கணக்குப் பதிவை இவ்வாண்டே முடிக்கட்டும். அது கணிதத்துக்கு அண்டை வீடு. மொழிபெயர்ப்பு விடுமுறைக்குக் காத்திருக்கலாம். மூன்றிலும் முதற்பாடத்தோடு நின்றுவிடுவாளாயின், அப்போது பழமொழியை எடுத்துக்கொள்ளுங்கள்.

தட்டெழுத்திலிருந்தும் தந்தியிலிருந்தும் வேறு பணிக்கு மாறிய அன்பர்கள், அந்த முதற் சில மாதங்கள் எவ்வாறு கழிந்தன என்று நமக்கு எழுதினால் வரும் இதழ்களில் வெளியிடுவோம். அந்தப் பெண்ணும் படிக்கட்டும்.