கையைக் காக்க வந்த காந்தம்

"உயிர் பிழைத்ததே பெரிது, கை வீங்கினால் என்ன?" மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட தாய்மார்களிடம் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த ஆறுதல் இது. ஆறுதலா இது? கை கனத்து, சட்டைக்குள் நுழையாமல், பெற்ற குழந்தையைத் தூக்கவும் முடியாமல் வாழ்நாளெல்லாம் வதைபடுகிறாளே ஒருத்தி, அவளிடம் சொல்லிப் பாருங்கள், தெரியும்!

கை ஏன் வீங்குகிறது? காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் 'நெறி கட்டியிருக்கிறது' என்கிறோமே, அந்த நெறிதான் நிணநீர்க் கணு. அக்குளிலும் அவை உண்டு. கையிலிருந்து வரும் நிணநீர் வடிவது அவற்றின் வழியாகத்தான். புற்று அங்கே பரவியிருக்குமோ என்ற ஐயத்தில் கணுக்களை மொத்தமாக வாரியெடுத்தால், வழியிழந்த நீர் பலருக்குக் கையிலேயே தேங்கிவிடுகிறது.

மொத்தமாக வாரியெடுக்கச் சொன்னது யார்? அமெரிக்காவில், பால்டிமோர் நகரத்து டாக்டர் ஹால்ஸ்டெட். மார்பகம், அடியிலுள்ள தசை, அக்குள் கணுக்கள், அத்தனையும் அகற்று என்று 1894-இல் எழுதினார். திறமைசாலி அவர், மறுக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன முறை சாத்திரமாயிற்று! முக்கால் நூற்றாண்டு, கேட்டவர் சிலர், கேட்ட குரலும் எடுபடவில்லை. 1971-இல் பெர்னார்ட் பிஷர் சோதனை தொடங்கினார். தசையை விட்டுவைத்தவர்களும், அனைத்தையும் இழந்தவர்களும் உயிர் வாழ்வதில் வேறுபாடே இல்லை என்று கண்டார். அதுவரை அறுபட்டவர்களின் கணக்கு? யாரிடம் கேட்பது!

பிறகு வந்தது நல்ல சிந்தனை. மார்பகத்திலிருந்து தப்பியோடும் புற்றணு முதலில் போய்ச் சேரும் கணு ஒன்றோ சிலவோதான். கோட்டை வாயிலில் நிற்கும் காவலன் அது. காவலன் நலமென்றால் உள்ளே பகைவன் நுழைந்திருக்கமாட்டான், கோட்டையை இடிப்பானேன்? அந்தக் காவற்கணுவைக் கண்டுபிடிக்க 1993-இல் டேவிட் கிராக் கதிரியக்க மருந்தைப் பயன்படுத்தினார். 1994-இல் அர்மாண்டோ ஜூலியானோ நீலச் சாயத்தைச் செலுத்தினார். இரண்டையும் சேர்த்துச் செய்வதே வழக்கமாயிற்று.

ஆனால் பாருங்கள், அந்தக் கதிரியக்க டெக்னீஷியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதை ஈனுகின்ற மாலிப்டினமோ 66 மணி நேரத்தில் பாதி. வாங்கி அடுக்கிவைக்க முடியாத சரக்கு! பிறப்பிடம் உலகில் விரல்விட்டு எண்ணத்தக்க அணு உலைகள். 2009-இல் கனடாவின் சாக் ரிவர் உலை கசிவால் நின்றது. 2010-இல் நெதர்லாந்தின் பெட்டன் உலையும் பழுதுபார்க்க நின்றது. உலை நின்றது ஓரிடத்தில், ஊசி மருந்துக்கு ஏக்கம் உலகெங்கும்! அணு மருத்துவப் பிரிவு இல்லாத சிற்றூர் மருத்துவமனை, உலை ஓடினாலும் நின்றாலும் வாயிலுக்கு வெளியேதான்.

இந்தக் கட்டை அறுக்க வந்ததுதான் காந்தம். 'காந்த வளையல் போட்டால் வாதம் போகும்' என்று கூவி விற்பவன் கதையல்ல இது. அவனுக்கு இங்கே வேலையில்லை. இது இரும்பு ஆக்சைடு, துருவுக்கு உறவு. ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரத்துக்கும் மேலான கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவு நுண்ணிய துகள். மேலே சர்க்கரை இனத்துப் பொருளால் ஒரு பூச்சு. மார்பகத்தில் ஊசியால் செலுத்தினால், நிணநீரோடு ஓடிக் காவற்கணுவில் தங்கும். டாக்டர் கையிலுள்ள கோல் அருகே வந்தால் துகள் காந்தமாகும். விலகினால் வெறும் துரு. கோல் ஒலி எழுப்பிக் காட்டிக்கொடுக்கும். கணுவும் பழுப்பேறிக் கண்ணுக்குத் தெரியும்.

வெறும் பேச்சா? பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் 160 பெண்களுக்கு இரு முறைகளையும் ஒருங்கே செய்து பார்த்து, முடிவை 2014-இல் வெளியிட்டார்கள். பழைய முறை நூற்றுக்கு 95.0, காந்த முறை 94.4. சமம் என்று சொல்லத் தயக்கமில்லை. 2018-இல் அமெரிக்க அரசும் அனுமதித்தது.

குறையை மறைக்கமாட்டோம். ஊசி போட்ட இடத்தில் தோல் பழுப்பாகி மாதக்கணக்கில் நிற்பதுண்டு. எஃகுக் கருவி அருகே இருந்தால் கோல் குழம்பும். பிளாஸ்டிக் கருவி வேண்டும். மிச்சத் துகள் பின்னாளில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தைக் கெடுக்கும். இவற்றை அந்தப் பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லி, அவள் ஒப்புதலைப் பெறவேண்டும். அது சலுகை அல்ல, அவள் உரிமை!

ஒரு பெருநன்மையும் உண்டு. துகள் கணுவில் வாரக்கணக்கில் தங்கியிருக்கும். சுவீடன் நாட்டு உப்சாலா மருத்துவர்கள் இதைப் பற்றிக்கொண்டனர். பால்குழாயைத் தாண்டாத தொடக்கநிலைப் புற்றுக்கு, மார்பக அறுவையின்போது துகளை மட்டும் செலுத்திவைத்தார்கள். வெட்டியெடுத்த திசுவின் ஆய்வில் ஊடுருவும் புற்று தென்பட்டவர்களுக்கே பிறகு அக்குளைத் திறந்தார்கள். பெரும்பாலோர்க்கு அந்த வெட்டே தேவைப்படவில்லை. ஆறு மணி நேரத்தில் பாதியாகும் மருந்தால் இது ஆகுமா?

இப்போது வருகிறது நம் கேள்வி. லண்டனிலும் ஹூஸ்டனிலும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் முளைத்து, கேம்பிரிட்ஜில் எண்டோமேக் என்ற கம்பெனியாக வளர்ந்த சரக்கு இது. 2024-இல் அமெரிக்காவின் ஹோலாஜிக் கம்பெனி ஏறத்தாழ 31 கோடி டாலருக்கு அந்தக் கம்பெனியையே வாங்கிக்கொண்டது. வாங்கட்டும், விற்கட்டும். ஆனால் அணு உலை இல்லாத நாட்டிலும், அணு மருத்துவப் பிரிவு இல்லாத சிற்றூரிலும் வேலை செய்யும் என்பதுதானே இந்தத் துகளின் பெருமை? அந்தச் சிற்றூர் மருத்துவமனைக்கு ஒரு குப்பி என்ன விலைக்குத் தருவீர்கள், கோல் என்ன விலைக்கு? 31 கோடி டாலர் எண்ணிக் கொடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு கடினமாக இராது. சொல்லட்டும், கேட்டுக்கொண்டிருக்கிறோம்.