மிஷின் சொன்னது என்ன, சொல்லாதது என்ன?

மூன்று நாளாக எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சான்றிதழ் சுற்றுகிறது. ஒரு செக்கு எண்ணெய்க் கடை போட்டது. கேஸ் குரோமட்டோகிராபி சோதனையில் தேறியதாம், அதனால் நூறு சதம் சுத்தமாம். லிட்டருக்கு நூறு ரூபாய் கூடுதல். "மிஷினே சொல்லிருச்சு, அப்புறம் என்ன சம்பந்தி?" என்கிறார் என் சம்பந்தி.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுத்தவன்தான், விஞ்ஞானி இல்லை. ஆனால் சாக்பீஸில் கறுப்பு மைப் பொட்டு வைத்துத் தண்ணீரில் நிறுத்தி, நிறங்கள் பிரிந்து ஏறுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். இதுவும் அதே சங்கதிதான். தண்ணீருக்குப் பதில் வாயு, சாக்பீஸுக்குப் பதில் சுருட்டி வைத்த மெல்லிய நீளக் குழாய்.

மிஷினைக் குறை சொல்லவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த மெத்தனாலை, எத்தனாலிலிருந்து சில நிமிடங்களில் பிரித்து அளந்து காட்டிவிடும். ஆவியாகும் பொருள் என்றால் இது ராஜா.

சமையல் எண்ணெய் அப்படி எளிதில் ஆவியாகாது. அதனால் மெத்தில் எஸ்டராக மாற்றி, கொழுப்பு அமிலங்களின் விகிதத்தைத்தான் பார்க்கிறார்கள். நல்லெண்ணெயில் பால்மிடிக் அமிலம் இயல்பாகவே 8 முதல் 12 சதம் இருக்கும். பாமாயிலில் சுமார் 44. கணக்குப் போடுங்கள். 9 சதம் உள்ள நல்லெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு பாமாயில் கலந்தால் 16 வரும், மாட்டிக்கொள்வான். இருபதில் ஒரு பங்கு கலந்தால்? 10.75. அந்த விகிதத்தை மட்டும் பார்த்தால் தேறிவிடும்!

இதைவிடப் பெரிய கவலை கடலை எண்ணெய். அதற்கும் இதே சான்றிதழைத்தான் காட்டுகிறார்கள். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் வரும், கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமான நஞ்சு. சுத்திகரிக்காத எண்ணெயில்தான் அது தங்கிவிடும். அதை வழக்கமாகத் திரவ குரோமட்டோகிராபியில் பார்ப்பார்கள். கொழுப்பு அமிலப் பட்டியலில் அது வரவே வராது. என் பேத்திக்கு அந்த எண்ணெயில்தான் தோசை வார்க்கிறார்கள்.

கடைக்கு போன் போட்டுக் கேட்டேன். "அதெல்லாம் அந்த மிஷின்லயே வந்துரும் ஐயா." வராது தம்பி என்றேன். வைத்துவிட்டார்.

சம்பந்தி, என்னென்ன தேடினார்கள், எந்த அளவுக்குக் கீழே போனால் தெரியாது என்று எழுதியிருக்கும் பக்கத்தைக் குழுவில் போடச் சொல்லுங்கள். அதுவரை எங்கள் வீட்டுக்கு அரை லிட்டர்கூட வேண்டாம்.