கைக்கு வேலை தரும் பூந்தொட்டி

தீப்புண் ஆறி வீடு திரும்புவோரிடம், வாசலில் இரண்டு பூச்செடி வையுங்கள் என்று சொல்வது என் வழக்கம். "வைத்தால் கீரை வைக்கலாம் டாக்டர், பூவால் என்ன பயன்?" என்று உடன் வந்தவர்கள் கேட்பார்கள். பயன் உண்டு என்பதே என் கருத்து.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களிலிருந்து கையில் தீக்காயத்துடன் வருவோரைக் குறித்து, புண் ஆறிய பின்னரும் எனக்கு அச்சம் நீங்குவதில்லை. தழும்பு முதிர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை அது சுருங்கக்கூடும். அசைக்காத விரல் மடங்கியபடியே நின்றுவிடும். மருத்துவமனையில் தவறாமல் செய்த பயிற்சியை வீட்டில் பலர் விட்டுவிடுகின்றனர். வலிக்கிறது, வெறுங்கையை மடக்கி நீட்டுவதில் மனமும் ஒட்டுவதில்லை.

பூச்செடி அந்தக் கைக்கு ஒரு வேலையைத் தருகிறது. மண்ணைக் கிளறினால் பிடி வலுக்கும். பூவாளியைச் சாய்த்தால் மணிக்கட்டு அசையும். மொட்டைக் கிள்ளுகையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் கூடும். கனகாம்பரத்தை வாழைநாரில் தொடுப்பது எல்லா விரல்களுக்கும் பயிற்சி. சரவெடி பின்னிப் பழகிய விரல்களுக்கு அது எளிதில் கைகூடும். கீரையை ஒருநாள் பறித்தால் சில நாள் காத்திருக்க வேண்டும். மல்லிகையோ பருவத்தில் நாள்தோறும் கையை அழைக்கும்.

மனத்துக்கும் இது மருந்து. அமெரிக்காவில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 பேரை ஒப்பிட்டு, ராஜர் உல்ரிச் 1984-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர்; கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

சில எச்சரிக்கைகள். புண் முழுவதும் மூடி, மருத்துவர் இசைவு தந்த பின்னரே மண்ணைத் தொடுங்கள். கையுறை அணியுங்கள். புதுத்தோல் வெயில் தாங்காது. காலையிலோ மாலையிலோ மட்டும் வேலை செய்யுங்கள். உணர்ச்சி குறைந்த விரலில் முள் தைத்தால் தெரியாது. ஆகவே ரோஜா இப்போது வேண்டாம். இயன்முறை மருத்துவர் கற்பித்த பயிற்சிகளையும் நிறுத்தாதீர்கள்.

தண்ணீர்த் தட்டுப்பாடு நம் ஊருக்குப் புதிதன்று. அரிசி களைந்த நீர் இரண்டு தொட்டிகளுக்குப் போதும்.

உடனிருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: இரக்கப்பட்டு அந்த நீரை நீங்களே ஊற்றிவிடாதீர்கள். நேரமானாலும், சிந்தினாலும், அவர் கையே ஊற்றட்டும். அடுத்த பரிசோதனைக்கு வருகையில் அவர் தொடுத்த பூச்சரத்தைக் கொண்டுவாருங்கள். விரல்கள் எவ்வளவு தேறியுள்ளன என்பதை அதிலும் பார்ப்பேன்.