கால் குடைச்சலுக்கு வலி மாத்திரையா?

ஆரணியில என் மச்சினன் பட்டு நெய்யறான். பகல் முழுக்கக் குழித்தறியில மிதிக்கற கால், ராத்திரி படுத்தா குடையுதாம். எழுந்து நடந்தாத்தான் அடங்கும். "மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கித்தான் ஓட்டறேன் மாமா"ன்னான். எத்தனை வருஷமா? நாலு!

மாட்டுக்கு டைக்ளோஃபினாக் போடக்கூடாதுன்னு 2006லயே அரசாங்கம் தடுத்தது. அந்த மருந்து போட்ட மாடு செத்தா, அதைத் தின்ன பிணந்தின்னிக் கழுகுங்க சிறுநீரகம் கெட்டு மடிஞ்சதுதான் காரணம். மனுஷன் நாலு நாள் போடறது வேற, வருஷக்கணக்கா முழுங்கறது வேற. சிறுநீரகம் கெட்டவங்களுக்கு இந்தக் குடைச்சலே அதிகமா வருது.

டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். 'ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்'னு பேர் சொன்னார். ரத்தத்துல இரும்பு இருப்பைப் பார்த்தா ரொம்பக் குறைவு. இரும்பு மாத்திரை கொடுத்தார். மூணு மாசத்துல தூங்க ஆரம்பிச்சான். ரொம்ப முத்தினவங்களுக்கு அபின் வகை வலி மருந்தும் உண்டாம். ஆனா அது டாக்டர் அளந்து கொடுக்கறது, நாமளா கடையில கேட்டு வாங்கறது இல்லை.

பயிர் மஞ்சளாச்சுன்னா என்ன சத்துக் குறைன்னு பார்த்துத்தானே உரம் போடறோம்? டவுன்ல இருக்கற நீங்களும் கால் குடைஞ்சா முதல்ல ரத்தத்தைப் பாருங்க.